ஆட்டோ ஃபிளாஷ்: வெள்ளைக்குக் கூட்டுங்கள், இருட்டுக்குக் குறையுங்கள்

கேள்வி: உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் நான்தான் படம் எடுக்கிறேன். கேமராவின் மேல் மாட்டும் ஃபிளாஷை டிடிஎல் ஆட்டோவில் (லென்ஸ் வழியாக வரும் ஒளியை அளந்து கேமராவே ஃபிளாஷை முடிவுசெய்யும் முறை) வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையைத் தனியாக எடுத்தால் முகம் இருண்டு, வேட்டி அழுக்கேறியது போல வருகிறது. இரவு மாப்பிள்ளை அழைப்பில் எடுத்தால் முகமெல்லாம் வெளுத்துவிடுகிறது. ஃபிளாஷில் கோளாறா? மேனுவலுக்கு மாறிவிடலாமா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. இரண்டு படங்களிலும் உங்கள் ஃபிளாஷ் ஒரே விதிப்படிதான் நடந்திருக்கிறது. அந்த விதி பிடிபட்டுவிட்டால், எந்தப் படத்துக்குக் கூட்ட வேண்டும், எதற்குக் குறைக்க வேண்டும் என்பதைப் பட்டனை அழுத்தும் முன்பே சொல்லிவிடலாம்.

பட்டனை முழுக்க அழுத்தியதும், ஷட்டர் திறப்பதற்கு ஒரு கணம் முன்னால், ஃபிளாஷ் மெல்லிசாக ஒரு முன்வெளிச்சம் அடிக்கும். அது ஆட்கள் மேல் பட்டுத் திரும்பி லென்ஸ் வழியாக உள்ளே வருவதைக் கேமரா அளக்கும். பிறகுதான் உண்மையான ஃபிளாஷ் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று முடிவுசெய்யும். கேனான் இதை இ-டிடிஎல் என்கிறது, நிக்கான் ஐ-டிடிஎல் என்கிறது, வேலை ஒன்றுதான். இந்தக் கணக்கில் கேமரா ஒன்றை முன்கூட்டியே நம்பிக்கொள்கிறது: எதிரே இருப்பது நடுத்தரமான சாம்பல் நிறம், படும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்று. வெள்ளை வேட்டி சட்டை அதைப்போலப் பல மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று நினைத்து ஃபிளாஷைக் கேமரா அடக்கிவிடுகிறது. வேட்டி சாம்பலாகிறது, முகம் அதற்கும் கீழே போய்விடுகிறது. இரவுத் தெருவில் நேர்மாறாக, பின்னால் இருக்கும் இருட்டிலிருந்து எதுவுமே திரும்பி வராது. போதவில்லை போலிருக்கிறது என்று ஃபிளாஷைக் கூட்டி அடிக்கிறது. அந்த அதிகப்படி வெளிச்சம் முழுவதையும் முன்னால் நிற்பவரின் முகம் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே நம் உள்ளுணர்வு சொல்வதற்கு எதிராகச் செய்ய வேண்டும். சட்டகத்தில் வெள்ளை நிறைந்திருந்தால் ஃபிளாஷைக் கூட்டுங்கள், கறுப்பு நிறைந்திருந்தால் குறையுங்கள். இதற்கென்றே இருப்பது ஃபிளாஷ் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். மின்னல் குறியோடு கூட்டல், கழித்தல் குறி போட்டிருக்கும். கேமராவின் பட்டனிலோ மெனுவிலோ ஃபிளாஷின் முதுகிலோ கிடைக்கும். பெரும்பாலும் மூன்றில் ஒரு ஸ்டாப்பாக நகரும். ஒரு முழு ஸ்டாப் கூட்டினால் ஃபிளாஷ் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி.

வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மட்டும் சட்டகத்தை நிறைத்து நிற்கிறார் என்றால் நான் +1-இல் தொடங்குவேன். அரக்குக் கூறைப்புடவையில் மணப்பெண்ணும் பக்கத்தில் வந்துவிட்டால் வெள்ளையும் அடர்நிறமும் ஒன்றை ஒன்று சமன்செய்துவிடும், பூஜ்யமே போதும். இரவு ஊர்வலத்துக்கு -1. இவை தொடக்கப் புள்ளிகள்தான். ஒரு படம் எடுத்துத் திரையில் பாருங்கள், வெளுத்த இடம் மின்னிக் காட்டும் வசதியை ஆன் செய்துவையுங்கள். நெற்றியில் விபூதிப் பட்டை மட்டும் மின்னினால் கவலை வேண்டாம், அது வெள்ளைதான். விபூதியைச் சுற்றியுள்ள தோலோ மூக்கு நுனியோ சேர்ந்து மின்னினால் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து மறுபடி எடுங்கள். திரையின் பிரகாசத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். இருட்டில் அது எல்லாப் படத்தையும் நன்றாகக் காட்டும்.

முகத்தை நெருக்கமாக எடுக்கும்போது இன்னொரு விஷயம். மாநிறமோ கறுப்போ ஆன முகம், கருங்கூந்தல், அடர்நிற ஜாக்கெட் என்று சட்டகம் அமைந்தால் கேமரா அத்தனையையும் சாம்பல் அளவுக்கு உயர்த்தப் பார்க்கும். சிவப்பாக விழுந்திருக்கிறது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் கன்னத்தின் திரட்சி, தோலின் செழுமை எல்லாம் போய்த் தட்டையான ஒரு முகம்தான் மிஞ்சும். அவர்கள் எந்த நிறமோ அந்த நிறத்தில் எடுத்துக் கொடுப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கூட்டியும் படம் மாறவில்லை என்றால் ஃபிளாஷ் தன் முழுச் சக்தியையும் ஏற்கெனவே கொட்டிவிட்டது என்று அர்த்தம். மண்டபத்தின் உயரமான கூரையில் பவுன்ஸ் அடிக்கும்போது, அதாவது ஒளியைக் கூரையில் பட்டுத் திரும்பவைக்கும்போது, இது அடிக்கடி நடக்கும். நிக்கான் ஃபிளாஷ்களில் படம் எடுத்தவுடன் ரெடி விளக்கு சில விநாடி விட்டு விட்டு எரிந்தால் அதுதான் எச்சரிக்கை. அப்போது +2 வைத்தாலும் +3 வைத்தாலும் பயன் கிடையாது, கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். கைட் நம்பர் (ஃபிளாஷின் சக்தியை மீட்டர் கணக்கில் சொல்லும் எண்) 40 உள்ள ஃபிளாஷை நேராக அடித்தால், ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 4 அப்பர்ச்சரில் (லென்ஸ் திறப்பில்) 10 மீட்டர் வரை எட்டும். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் அதே ஃபிளாஷ் 20 மீட்டர் எட்டும்.

முகம் சரியாக இருந்து பின்னணி மட்டும் கறுப்பாக விழுந்தால் அதற்கும் ஃபிளாஷுக்கும் சம்பந்தமில்லை. ஃபிளாஷ் எரிவது மிகக் குறைந்த நேரம் என்பதால், சிங்க் வேகத்தை (ஃபிளாஷோடு சாதாரணமாக வைக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தை) தாண்டாதவரை, ஷட்டர் வேகம் அதன் வெளிச்சத்தைத் தொடாது. மண்டப விளக்குகளின் வெளிச்சத்தைத்தான் கூட்டிக் குறைக்கும். கேமராவை மட்டும் மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, எஃப் 4, 1/100 என்று முதலில் மண்டபத்தைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஃபிளாஷைத் தொடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/100-இல் எல்இடி விளக்குகளின் கோடுகளும் பெரும்பாலும் விழாது.

கம்பெனிக்குக் கம்பெனி சில வேறுபாடுகள் உண்டு. கேனானில் கேமராவிலும் ஃபிளாஷிலும் தனித்தனியாகக் காம்பன்சேஷன் வைத்தால் ஃபிளாஷில் வைத்ததுதான் செல்லும். நிக்கானில் இரண்டும் கூடிவிடும். கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் ஆனில் இருந்தால், நீங்கள் குறைத்த ஃபிளாஷை அது படத்தில் மறுபடி வெளிச்சமாக்கிவிடக்கூடும், அணைத்துவிடுங்கள். இரண்டிலுமே கேமராவை ஆஃப் செய்தாலும் காம்பன்சேஷன் அழியாது. ராத்திரி வைத்த -1 காலை முகூர்த்தத்திலும் அப்படியே காத்திருக்கும். பையில் வைக்கும் முன் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் நல்லது.

குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடி போட்ட சாமி படம் ஆகியவை ஃபிளாஷை நேராகத் திருப்பி அடித்துக் கணக்கைக் குழப்பும். ஓரடி தள்ளி நின்று கோணத்தை மாற்றினாலே பாதி சரியாகிவிடும். மாற்ற இடமில்லை என்றால் ஃபிளாஷ் லாக் பட்டன் இருக்கிறது: சட்டகத்தின் நடுவை முகத்துக்குக் கொண்டுபோய் லாக் செய்துவிட்டு, பிறகு வேண்டியபடி சட்டகம் அமைத்து எடுங்கள். முன்வெளிச்சம் லாக் செய்யும்போதே அடித்து முடிந்துவிடுவதால், அதற்குக் கண் சிமிட்டுபவர்களும் குரூப் போட்டோவில் கண் திறந்திருப்பார்கள்.

மேனுவலைப் பற்றிக் கேட்டீர்கள். தாலி கட்டும் நேரத்தில் ஒரு நொடி இரண்டடி தூரத்தில் இருப்பீர்கள், அடுத்த நொடி பத்தடி தள்ளி இருப்பீர்கள். தூரம் இரட்டித்தால் ஃபிளாஷ் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். அதற்குக் கையால் ஈடுகொடுக்க முடியாது, ஆட்டோதான் சரி. வரவேற்பு மேடை அப்படியல்ல. நீங்களும் நகர்வதில்லை, ஆட்கள் நிற்கும் இடமும் மாறுவதில்லை. மாறுவது உடையின் நிறம் மட்டும்தான். ஆட்டோவில் விட்டால் ஒருவர் சட்டைக்கு ஒரு வெளிச்சம் என்று ஆல்பம் முழுக்க ஏறி இறங்கும். அங்கே ஃபிளாஷை மேனுவலில் 1/4 சக்தியில் வைத்து ஒரு படம் எடுங்கள். ஓவராக இருந்தால் 1/8, போதவில்லை என்றால் 1/2. ஒருமுறை சரியாகிவிட்டால் மேடை காலியாகும்வரை அதைத் தொட வேண்டாம்.