சமூக, நிதி வலைப்பின்னல்களை, அதாவது மனிதர்களுக்கு இடையிலும் வங்கிகளுக்கு இடையிலும் உள்ள தொடர்புகளை, ஆராயும் பொருளியலாளரின் வேலை எப்படிப்பட்டது? அதற்கு எப்படித் தயாராவது?

கல்லூரியில் பொருளியல் பாடம் எடுக்கிறேன். ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மாணவர்கள் இதைக் கேட்டால், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மேத்யூ ஜாக்சன் வந்த வழியைத்தான் சொல்வேன்.

1996இல் பொருளியலாளர் ஆஷர் வொலின்ஸ்கியோடு அவர் எழுதிய கட்டுரை முழுக்கக் கணிதம். தொடர்பு வைத்துக்கொள்வதில் லாபமும் உண்டு, செலவும் உண்டு. அவரவர் தன் கணக்கை மட்டும் பார்த்துத் தொடர்புகளை அமைத்துக்கொண்டால், அது எல்லோருக்கும் நல்லதாக அமையும் என்று சொல்ல முடியாது. இதைத்தான் நிறுவினார்கள்.

அப்புறம் கர்நாடகக் கிராமங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, அருண் சந்திரசேகர் ஆகியோரோடு சேர்ந்து செய்த ஆய்வு, 2013இல் வெளிவந்தது. மண்ணெண்ணெயோ அரிசியோ தீர்ந்துபோனால் யார் வீட்டில் கேட்பீர்கள், கோயிலுக்கு யாரோடு போவீர்கள், அவசரத்துக்கு யாரிடம் கடன் வாங்குவீர்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு, உறவுகளை வரைபடமாக்கினார்கள். அந்த ஊர்களில் சிறு தொகைக் கடன் கொடுக்க வந்த குறுங்கடன் நிறுவனம் முதலில் யாரிடம் செய்தி சொன்னதோ, அவர்கள் அந்த வரைபடத்தின் மையத்தில் இருந்த ஊர்களில் அதிகம் பேர் கடனில் சேர்ந்தார்கள். கடன் வாங்காதவர்களும் செய்தியைக் கடத்தினார்கள், வாங்கியவர்களைவிட மிகக் குறைவாக.

சரி, மையத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்க ஒவ்வோர் ஊரிலும் இவ்வளவு பெரிய கணக்கெடுப்பு நடத்த முடியுமா? தேவையில்லை என்று அதே குழு அடுத்த ஆய்வில் காட்டியது. ‘ஊருக்கு ஒரு சேதி பரவ வேண்டுமென்றால் யாரிடம் சொல்லலாம்?’ என்று ஊர்க்காரர்களையே கேட்டால் போதும். அவர்கள் கைகாட்டும் ஆள் பெரும்பாலும் சரியான ஆளாகவே இருக்கிறார். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்வதைவிட இவர்களிடம் சொன்னால் சேதி நன்றாகப் பரவுகிறது. அரசுத் திட்டங்களை மக்களிடம் கொண்டுபோகிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும்.

நிதிப் பக்கமும் இதே சிந்தனைதான். 2008 நெருக்கடிக்குப் பிறகு, ஒரு வங்கி விழுந்தால் அடுத்து எது விழும் என்பது எல்லோருக்கும் அவசரக் கேள்வியானது. பொருளியலாளர்கள் எலியட், கோலப் ஆகியோரோடு ஜாக்சன் 2014இல் எழுதிய கட்டுரையின் முடிவு சுவாரசியமானது. வங்கிகள் இன்னும் பல வங்கிகளோடு பிணையும்போது, ஆரம்பத்தில் சரிவு வெகுதூரம் பரவுகிறது. பிணைப்பு மேலும் பெருகினால், நஷ்டம் பலர் தலையில் சிறிது சிறிதாக விழுந்து ஆபத்து குறைகிறது.

தயாராக வேண்டுமானால் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, பைத்தான் என்ற நிரல்மொழி மூன்றையும் இளங்கலையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஜாக்சனின் பாடம் கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் இருக்கிறது. கர்நாடகக் கிராமங்களின் தரவும் இணையத்தில் பொதுவில் கிடைக்கிறது. முதலில் அதில் ஒரே ஓர் ஊரை எடுத்து வரைந்து பாருங்கள்.