கேம் விளையாடாதவர்களுக்கு கிராஃபிக்ஸ் கார்டு தேவையா? எதை வாங்கலாம்?

நாகர்கோவிலில் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்கள். டைப்பிங், யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை. கடைக்காரர் 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போட்டே ஆக வேண்டும் என்கிறார், வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். அதற்கு முன் அவர் எழுதித் தந்த கொட்டேஷனில் பிராசசரின் பெயரைப் பாருங்கள்.

இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ், அதாவது மானிட்டருக்குப் படம் அனுப்பும் பகுதி, கிடையாது. ஐ5 12400 வாங்கினால் உள்ளேயே யுஹெச்டி 730 என்ற கிராஃபிக்ஸ் இருக்கும். 12400எஃப் வாங்கினால் இருக்காது, கார்டு போட்டால்தான் மானிட்டரில் படம் வரும். ஏஎம்டியில் ரைசன் 5 5600 என்றால் கிடையாது, 5600ஜி என்றால் உண்டு. அதற்கு அடுத்து வந்த 7000 வரிசையில் எஃப் போட்டவை தவிர மற்ற டெஸ்க்டாப் பிராசசர்களில் சின்னதாக ஒன்று உள்ளேயே இருக்கிறது. எஃப் பிராசசர் விலை கொஞ்சம் குறைவுதான். ஆனால் அந்த மிச்சம் கார்டுக்கே போய்விடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எங்கள் வீட்டிலேயே காரணம் உண்டு. தக்கலையில் அக்கா ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பிளக்ஸ் டிசைன் எல்லாம் செய்வாள். 2022-ல் அத்தான் போய் புது கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு வந்தார். எந்தக் கடை என்று இங்கே சொல்லப்போவதில்லை. 12400எஃப் பிராசசரும் ஜிடி 710 கார்டும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ‘2 ஜிபி தனி கார்டு இருக்கு, டிசைன் எல்லாம் பறக்கும்’ என்று சொல்லி அனுப்பினார்களாம். அக்கா கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று 27 அங்குல 4கே (ஃபுல் ஹெச்டியை விடத் துல்லியமான) மானிட்டர் ஒன்றும் வாங்கினாள். அன்றிலிருந்து மவுஸை இழுத்தால் அம்புக்குறி பின்னாலேயே தயங்கித் தயங்கி வந்தது. மவுஸை மாற்றினாள், விண்டோஸைத் திரும்பப் போட்டார்கள், ராம் கூட்டினார்கள். ஒன்றுக்கும் சரியாகவில்லை.

நான் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஜிடி 710 கார்டின் ஹெச்டிஎம்ஐ வழியாக 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் போகும். நாம் பழகியது 60. அதனால்தான் அந்தத் தயக்கம். யூடியூப் பெரிய அளவு வீடியோக்களை அனுப்பும் விபி9 முறையைப் பிரிக்கவும் அந்தக் கார்டுக்குத் தெரியாது, வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். 2014-ல் வந்த, கெப்ளர் என்ற பழைய தலைமுறை சிப் அது. அதைச் செய்த என்விடியா, அதற்கு வழக்கமான புது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை 2021-லேயே நிறுத்திவிட்டது, பிறகு பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். நிறுத்தி ஒரு வருடம் ஆன பிறகு அதைப் புதிது என்று என் அக்காவுக்கு விற்றிருக்கிறார்கள். உழைத்துச் சேர்த்த காசு, எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அதே பணத்தில் எஃப் இல்லாத 12400 கொடுத்திருந்தால், மதர்போர்டில் சரியான போர்ட் இருந்தால், அந்த மானிட்டர் நன்றாகவே ஓடியிருக்கும்.

‘சரியான போர்ட்’ என்றேன் அல்லவா? விலை குறைந்த சில மதர்போர்டுகளில் பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 இருக்கும், அதிலும் 4கே 30-தான். 4கே மானிட்டர் எண்ணம் இருந்தால் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

2 ஜிபி, 4 ஜிபி என்பது கார்டில் உள்ள மெமரியின் அளவு. வேகத்தின் அளவு இல்லை. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டரின் ராமையே கடன் வாங்கி ஓடுகிறது. ஆகவே 16 ஜிபி ஒரே குச்சியாகப் போடாமல் 8, 8 ஆக இரண்டு போடச் சொல்லுங்கள், அந்த வித்தியாசம் தெரியும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருந்தால் ஒரு நல்ல யுபிஎஸ் வாங்கலாம்.

சரி, கார்டு உண்மையிலேயே யாருக்கு வேண்டும்? எஃப் பிராசசர் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு. மதர்போர்டில் இருக்கும் போர்ட்டுக்கு மேல் மானிட்டர் மாட்ட நினைப்பவர்களுக்கு. பழைய கம்ப்யூட்டரில் 4கே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு. அப்புறம் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு. கடைசி ஆளுக்கு மட்டும் நான் தாராளமாகச் செலவு செய்யச் சொல்வேன், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போதும். 70 வாட்தான் எடுக்கும், மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கரண்ட் தரும் பெட்டி) தனி வயர் தேவைப்படாது.

மற்றவர்களுக்குச் சின்னக் கார்டு போதும். அக்காவுக்கு நான் ஃபேன் இல்லாத ஜிடி 1030 மாட்டிக் கொடுத்தேன், 4கே 60 வந்தது, மவுஸ் சரியானது. இன்று அதைச் சொல்ல மாட்டேன், 2025 அக்டோபருக்குப் பிறகு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், கார்டின் மெமரி டிடிஆர்4 என்று போட்டது மட்டும் வேண்டாம். பெயர் ஒன்றுதான், வேகம் ரொம்பக் குறைவு. புதிதாக என்றால் இன்டெல் ஆர்க் ஏ310 அல்லது ஏ380, நான்கைந்து வருடத்துக்குள் வந்த மதர்போர்டாக இருக்க வேண்டும், பழையதில் வேகம் குறையும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400-ம் படம் காட்ட நல்ல கார்டுதான். ஆனால் அதில் வீடியோ என்கோடர் (வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் பகுதி) இல்லை, ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு ஒத்துவராது. உங்கள் மானிட்டர் பழைய விஜிஏ போர்ட் மட்டும் உள்ளது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், இவை எதிலும் விஜிஏ கிடையாது.

நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது. எங்கள் வீடு குளச்சல் பக்கம், கடலிலிருந்து நடந்து போகும் தூரம். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஒருநாள் டிஸ்ப்ளே வரவில்லை, பீப் பீப் என்றது. கார்டைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறப் பற்களில் மங்கலாக ஏதோ படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்து மாட்டினேன், வந்துவிட்டது. கார்டின் சின்ன ஃபேன்களும் இந்தக் காற்றில் சீக்கிரமே கரகரக்கத் தொடங்குகின்றன. கடற்கரைப் பக்கம் இருந்தால் ஃபேன் இல்லாத கார்டைத் தேடுங்கள். கார்டே இல்லாவிட்டால் இன்னும் நல்லது, கெட்டுப்போக ஒரு பொருள் குறைகிறது. ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது பிளக்கோடு சேர்த்து இன்டர்நெட் கேபிளையும் கழற்றி வைக்க மறக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது ‘உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசசர், 8, 8 ராம், கார்டு வேண்டாம்’ என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்று ஒரு வரி இருக்கும். அதில் இன்டெல் யுஹெச்டி என்றோ ஏஎம்டி ரேடியான் என்றோ இருந்தால் நீங்கள் கேட்டதையே தந்திருக்கிறார்கள்.