நர்சிங் முடித்தவர் ஜெர்மனியில் வேலைக்குச் சேர என்ன செய்ய வேண்டும்?

பி.எஸ்சி. நர்சிங் முடித்த தங்கையை ஜெர்மனிக்கு அனுப்ப எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மொழியில் தொடங்குங்கள். ஐ.டி. வேலைக்கு ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். நர்ஸாக முழு அங்கீகாரம் பெற பொதுவாக பி2 அளவு ஜெர்மன் தேவை; ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளில் இது நான்காவது. நோயாளி வலியை ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார் அல்லவா?

அடுத்தது பட்டத்துக்கான அங்கீகாரம். ஜெர்மன் அதிகாரிகள் நம் பாடத்திட்டத்தை அவர்களுடையதோடு ஒப்பிட்டு, எது குறைகிறது என்று எழுத்தில் தருவார்கள். அந்தக் குறையைப் பயிற்சியிலோ தேர்விலோ ஈடுகட்டலாம். அதுவரை உதவியாளராக வேலை பார்க்க வழியுண்டு. சம்பளம் குறைவு, ஆனாலும் வார்டு பேச்சு பழகும்.

ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கொட்டாதீர்கள். கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளத்தவர் நல அமைப்பான நோர்க்கா ரூட்ஸ் வழியாக, ஜெர்மனிக்கு நர்ஸ்களைத் தேர்ந்தெடுக்கும் டிரிபிள் வின் திட்டத்தில் ஆள் சேர்ப்புச் செலவை வேலை கொடுப்பவரே ஏற்கிறார்.

போய் இறங்கியதும் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் அதற்கான கடிதம் வாங்கச் சொல்லுங்கள். முக்கியமாக, தபால் பெட்டியில் தங்கையின் பெயரை ஒட்ட வேண்டும். பெயர் இல்லாவிட்டால் வரி எண் வரும் கடிதம்கூடத் திரும்பிப் போய்விடும்.