கொடிவழியில் விடுபட்ட பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிவிஎஸ் குடும்பத்தின் கொடிவழியை வரைந்து பார்த்தேன். சுந்தரம் ஐயங்கார், அவருக்குப் பின் தொழிலை நடத்திய ராஜம், சந்தானம், ஸ்ரீனிவாசன், கிருஷ்ணா, அப்புறம் பேரன்கள். 2020-ல் குடும்பக் கிளைகள் அவரவர் நடத்தும் நிறுவனங்களை அவரவருக்கே என்று பிரித்துக்கொள்ள உடன்பட்டதோடு இந்த மரபு முடிந்துவிட்டதா?

மதுரை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பங்குகள் பிரிந்தன, அவ்வளவுதான். எனக்கு உங்கள் படத்தில் வேறொரு குறை தெரிகிறது. அதில் பெண்களே இல்லை. தப்பு உங்களுடையது அல்ல. நிறுவனத்தின் பெயரே 'சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ்' என்றுதானே இருக்கிறது.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் 1912-ல் மதுரையில் பேருந்து விட்ட கதை உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டிவிஎஸ் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வோம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பேருந்துகள் 1972-ல் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின.

அவருடைய மகள் சௌந்தரம் 1904-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே திருமணம். கணவர் மருத்துவர், பிளேக் நோயாளிகளைக் கவனிக்கப் போய், அதே நோயில் இறந்தார். அந்தக் கால ஐயங்கார் வீட்டில் ஓர் இளம் விதவைக்கு என்ன காத்திருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார்கள். டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து மருத்துவரானார். பேருந்து விட்டதைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே தந்தை, மகள் கேரளத்துக் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது சம்மதிக்கவில்லை. வேறு சாதி, அதுவும் மறுமணம். ஓராண்டு சந்திக்காமலும் கடிதம் எழுதாமலும் இருங்கள், அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்றார் காந்தி. மனம் மாறவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது.

1947-ல் இருவரும் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கஸ்தூரிபா மருத்துவமனை, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம், கிராமியக் கல்வி என்று அது விரிந்தது. அங்கே 1956-ல் வந்த கிராமியக் கல்வி நிலையம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சௌந்தரம் அம்மா இரண்டு முறை சட்டமன்றத்துக்கும், 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் தேர்வாகி, மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். 1984-ல் மறைந்தார்.

பங்கு, இயக்குநர் பதவி என்று பார்த்தால் இதெல்லாம் குடும்பச் சொத்தில் சேராதுதான். நான் சேர்ப்பேன். தமிழ்நாட்டுத் தொழில் குடும்பங்களின் கொடிவழியை யார் எழுதினாலும் மகள்கள் 'இன்னாருக்கு மணமுடிக்கப்பட்டார்' என்ற ஒரே வரியில் முடிந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில்தான் காந்திகிராமம். ஒருநாள் இறங்கிப் பாருங்கள். அப்புறம் உங்கள் படத்தில் சுந்தரம் ஐயங்காருக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்து, அங்கே சௌந்தரம் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.