பதில் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்

கேள்வி: திருச்சியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் விடாமல் கேட்டதால் அவருடைய நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோலில் கஸ்டம் ஃபர்ம்வேர் (கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக வெளியாட்கள் மாற்றி எழுதியது) போட்டு, மெமரி கார்டில் 40 கேம் ஏற்றிக் கொடுத்து 3,500 ரூபாய் வாங்கினேன். ஆன்லைனில் இணைக்க வேண்டாம் என்று சொன்னேன். கேட்காமல் இணைத்தார், கம்பெனி அந்தக் கன்சோலை ஆன்லைனில் வரவிடாமல் பேன் (தடை) செய்துவிட்டது. இப்போது 35,000 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். கூகுளில் கடையைக் கேவலமாக எழுதியிருக்கிறார். அவர் மீது அவதூறு வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். அவர் கெஞ்சியதும் நீங்கள் எச்சரித்ததும் உண்மையாகவே இருக்கட்டும், அதை வைத்து ஒன்றும் ஆகாது. உங்கள் விவகாரம் முழுக்க அந்த 40 கேமில்தான் இருக்கிறது.

ஃபர்ம்வேர் மட்டும் என்றால் வாதாட இடம் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு, நகலெடுப்பதைத் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால்தான் குற்றம். ஆனால் அடுத்தவருக்குச் செய்து கொடுப்பவர், செய்து வாங்குபவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாம் பதிந்து வைக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. எந்தக் கடையிலும் அப்படியொரு நோட்டு நான் பார்த்ததில்லை.

திருட்டு கேமைக் காசு வாங்கி ஏற்றிக் கொடுத்தது 63வது பிரிவில் வரும். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2022-ல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கட்சிக்காரர்கள் விழுகிற குழி பதில் நோட்டீஸ்தான். கோபத்தில் உட்கார்ந்து, "அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் 40 கேம் ஏற்றிக் கொடுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். இன்னும் சிலர், "சட்டவிரோத ஒப்பந்தம் செல்லாது, ஒப்பந்தச் சட்டம் 23வது பிரிவு இருக்கிறதே, அவர் எப்படி நஷ்டஈடு கேட்கலாம்?" என்று வருவார்கள். நல்ல வாதம்தான். ஆனால் அதை எடுக்க, செய்தது சட்டவிரோதம் என்று முதலில் நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். நுகர்வோர் மன்றத்தில் 35,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், கிரிமினல் வழக்குக்குச் சாட்சியத்தை உங்கள் கையாலேயே தயாரித்துத் தருகிறீர்கள். "நீயும்தான் மாட்டுவாய்" என்று அவருக்கு மெசேஜ் போடாதீர்கள். திருட்டு கேம் என்று தெரிந்தே பயன்படுத்தியதால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவு அவர் மீதும் பாயலாம். ஆனாலும் மிரட்டல் என்று தனியாகப் புகார் வரும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கவும் கூடாது. அழிப்பதே இன்னொரு குற்றமாகிவிடும்.

பேசி முடியுங்கள். 3,500-ஐத் திருப்பிக் கொடுத்து, மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். பேன் ஆன கன்சோலில் ஆஃப்லைனில் விளையாட முடியும், விற்றாலும் விலை போகும். அதனால் முழு 35,000 கேட்பது நியாயமில்லை. அதை நீங்கள் பேச வேண்டாம், உங்கள் வக்கீல் பேசட்டும். தவறை ஒப்புக்கொள்ளாமல் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். "போலீசில் புகார் கொடுக்க மாட்டேன்" என்ற வரி மட்டும் அதில் வரவே கூடாது. சட்டப்படி அது செல்லாது, உங்கள் ஒப்புதலாகவும் வாசிக்கப்படும்.

இந்தச் சமரசம் கேம் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. இனி ஒரு கார்டில்கூடக் கேம் ஏற்றாதீர்கள்.