வாசகர் கேள்வி-பதில்: யுனைடெட்டின் முரட்டு ஆசாமிகள்

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட் வரலாற்றிலேயே எதிரணியைக் கதிகலங்க வைத்தவர்கள் யார் யார்? வரிசைப்படுத்திச் சொல்லுங்கள். ராய் கீன் என்று ஒரே பெயரோடு முடித்துவிடக் கூடாது!

பதில்: முதலிடம் கீனுக்குத்தான். அதில் புதுமை செய்ய நினைத்தால் வீம்புக்குச் செய்வதாகிவிடும். ஆனால் அவருக்குக் கீழே யார் என்பதில்தான் உண்மையான சண்டையே இருக்கிறது.

ரெட் கார்டு எண்ணிக்கையை வைத்து நான் வரிசை போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டுகிற ஆள் எல்லா அணியிலும் உண்டு. அவரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, நடுவர் எப்போது வெளியே அனுப்புவார் என்று பொறுமையாகக் காத்திருப்பார்கள். இவர் களத்தில் நிற்கிறார் என்பதற்காகவே எதிரணிக்காரன் பந்தை அரை நொடி முன்னதாகத் தள்ளிவிட்டானா, அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனானா என்பதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கில் இரண்டாவது இடம் நார்மன் வைட்சைடு. பலர் விடிச் பெயரைச் சொல்வார்கள் என்று தெரியும், இருந்தாலும் வைட்சைடுதான். பெல்ஃபாஸ்ட் பையன். 1982 உலகக் கோப்பையில் வட அயர்லாந்துக்காக இறங்கியபோது வயது 17 வருடம் 41 நாள். பெலேயின் சாதனையையே முறியடித்த வயது அது, ஆனால் உடம்பைப் பார்த்தால் முப்பது வயது ஆள் மாதிரி இருப்பார். வேகம் கிடையாது, அதை அவரே மறைத்ததும் இல்லை. 1988 ஏப்ரலில் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அந்த சீசனில் சாம்பியன் ஆகப்போகிற லிவர்பூல் 3-1 என்று முன்னணியில் இருக்கிறது, யுனைடெட்டில் காலின் கிப்சன் ரெட் கார்டு வாங்கி வெளியே போய்விட்டார், பத்துப் பேர்தான் மிச்சம், நடுக்களத்தில் ஸ்டீவ் மக்மஹோன் வைத்ததுதான் சட்டம். மாற்று ஆட்டக்காரராக வைட்சைடு இறங்குகிறார். கொஞ்ச நேரத்தில் மக்மஹோன் தரையில் கிடக்கிறார். அதற்கப்புறம் நடுக்களத்தில் லிவர்பூல்காரர்கள் பந்தைக் கொஞ்சம் யோசித்தே வாங்கினார்கள். ஆட்டம் 3-3 என்று முடிந்தது. சமன் செய்த கோர்டன் ஸ்ட்ராகன், லிவர்பூல் ரசிகர்கள் எதிரே போய் நின்று சுருட்டு பிடிப்பது மாதிரி பாவனை காட்டினார். அந்தத் தைரியம் ஸ்ட்ராகனுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? வைட்சைடு கோல் எதுவும் போடவில்லை, ஆனால் அந்த ஆட்டம் என்றாலே இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாவது பிரையன் ராப்சன். இவர் பயமுறுத்தியதைவிடப் பயப்படாமல் ஆடியதுதான் அதிகம். வெஸ்ட் பிராமில் இருந்த இளவயதிலேயே ஒரே சீசனில் மூன்று தடவை எலும்பு முறிந்தவர், அப்புறமும் ஐம்பது-ஐம்பது பந்துக்கு முதல் ஆளாக விழுவார். 1981-இல் 15 லட்சம் பவுண்டுக்கு யுனைடெட் அவரை வாங்கியது, அன்றைக்கு அது பிரிட்டிஷ் சாதனைத் தொகை. 1984 மார்ச்சில் பார்சிலோனாவுடன் முதல் ஆட்டத்தில் 0-2 தோற்றுவிட்டு சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தார்களே, அதில் இரண்டு கோல் ராப்சனுடையது. எதிரே ஆடியவர் மரடோனா. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனது ராப்சனை.

நான்காவது நெமான்யா விடிச். பந்து வந்துகொண்டிருக்கும், எதிராளியின் பூட்ஸும் அதே உயரத்தில் வந்துகொண்டிருக்கும், சாதாரண டிஃபெண்டர் காலை நீட்டுவார், இவர் தலையைக் கொடுப்பார். ஸ்பார்டக் மாஸ்கோவிலிருந்து 2006 ஜனவரியில் வந்து ஐந்து லீக் பட்டம் வென்றார். 2008-09 சீசனில் யுனைடெட் தொடர்ந்து 14 லீக் ஆட்டங்களில் கோல் வாங்கவில்லை, அந்த வருடம் பிரீமியர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் விடிச்சுக்குத்தான். பிறகு ஏன் நான்காவது இடம்? ஃபெர்னாண்டோ டோரஸ்! 2009 மார்ச்சில் ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு நீண்ட பந்தைத் துள்ளவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் விடிச், டோரஸ் பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு போய் கோல் அடித்தார், கடைசியில் 1-4 தோல்வி, விடிச்சுக்கு ரெட் கார்டு. லிவர்பூலோடு ஆடிய மூன்று ஆட்டங்களில் வரிசையாக மூன்று ரெட் கார்டு வாங்கினார், மூன்றிலும் யுனைடெட் தோற்றது. மற்ற எல்லா ஸ்டிரைக்கரும் இவரைக் கண்டு ஒதுங்கினார்கள், ஒரே ஒருவர் மட்டும் இவரைத் தேடி வந்தார்.

ஐந்தாவது நாபி ஸ்டைல்ஸ். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், கான்டாக்ட் லென்ஸ் இல்லாவிட்டால் எதுவும் சரியாகத் தெரியாது, முன்பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆடுவார். பார்த்தால் பயம் வராது, பக்கத்தில் வந்தால் வரும். போர்ச்சுகல் நட்சத்திரம் யூசேபியோவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: 1966 உலகக் கோப்பை அரையிறுதியில் ஸ்டைல்ஸ், 1968 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் மறுபடியும் ஸ்டைல்ஸ். அரையிறுதியில் யூசேபியோ போட்ட ஒரே கோலும் பெனால்டியில் வந்தது. அதே உலகக் கோப்பையில் பிரான்சின் சிமோனை அடித்துப் போட்ட டேக்கிளுக்காக ஸ்டைல்ஸை நீக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தபோது, அவர் இல்லையென்றால் நானும் இல்லை என்று பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே நின்றுவிட்டார்.

இனி கீன். கார்க் நகரத்துக்காரர், சிறுவயதில் குத்துச்சண்டை பழகியவர். 1999 ஏப்ரலில் டூரினில் ஜுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி இரண்டாம் ஆட்டம், பதினோரு நிமிடத்துக்குள் இன்சாகி இரண்டு கோல் போட்டுவிட்டார். பெக்காம் அடித்த கார்னரில் தலையால் முட்டி முதல் கோலைத் திருப்பியவர் கீன். கோல் போட்ட பிறகு சிரிக்கக்கூட இல்லை, திரும்பி ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஜிதானை இடித்ததற்கு மஞ்சள் அட்டை, அதாவது இறுதி ஆட்டத்தில் ஆட முடியாது. அது தெரிந்த பிறகும் அவர் ஆடிய ஒரு மணி நேரம்தான் யுனைடெட்டை இறுதிக்குக் கொண்டுபோனது, 3-2. இதில் எதிரணி பயந்தது பாதிதான். கூட ஆடியவர்கள் அவருக்குப் பயந்தார்கள், மோசமாகப் பாஸ் கொடுத்தால் அந்தப் பார்வையைத் தாங்க வேண்டுமே! இரண்டு பக்கமும் பயமுறுத்தியவர் என்பதால்தான் முதலிடம்.

கேள்வி: ஆல்ஃபி ஹாலண்டை மிதித்ததையும் வீரத்தில் சேர்க்கிறீர்களா?

பதில்: இல்லை. 1997-இல் லீட்ஸுடன் ஆடும்போது ஹாலண்டை மடக்கப் போய்க் கீனே முழங்கால் தசைநாரை அறுத்துக்கொண்டார். கீழே கிடந்தவரிடம் நடிக்காதே என்றார் ஹாலண்ட். 2001-இல், அப்போது மான்செஸ்டர் சிட்டியில் இருந்த ஹாலண்டின் முழங்காலுக்கே குறிவைத்துக் கீன் மிதித்தார். ரெட் கார்டு, மூன்று ஆட்டத் தடை, 5,000 பவுண்டு அபராதம். அதோடு போயிருக்கும். அடுத்த வருடம் தன் சுயசரிதையில் வேண்டுமென்றே செய்தது போல எழுதி, இன்னொரு ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் வாங்கிக்கொண்டார். நான்கு வருடம் மனதில் வைத்திருந்து ஒருவன் காலைக் குறிவைப்பதற்கு முரட்டுத்தனம் என்று பெயர் வைக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. டூரினுக்காகத்தான் அவர் முதலிடத்தில் இருக்கிறார், இதற்காக அல்ல.

கேள்வி: எரிக் கான்டோனாவை எப்படி மறந்தீர்கள்?

பதில்: மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன். 1995 ஜனவரியில் கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில் ரெட் கார்டு வாங்கி வெளியே போகிறபோது, திட்டிய பார்வையாளர்மீது தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து உதைத்தார். செப்டம்பர் வரை தடை, 120 மணி நேர சமூக சேவை. பிரமாதமான படம்தான், போஸ்டராக ஒட்டலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், கான்டோனாவைச் சீண்டினால் லாபம் என்றுதான் எதிரணிகள் நினைத்தன. சீண்டத் தூண்டுகிற ஆள் வேறு, சீண்டவே யோசிக்க வைக்கிற ஆள் வேறு. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கிற அந்தத் தோரணைக்குத் தனிப் பட்டியல் போட்டால் அவர்தான் முதல், இரண்டு, மூன்று.

கேள்வி: கீனும் பாட்ரிக் வியேராவும் நேருக்கு நேர் மோதினால்?

பதில்: மோதவே போனார்கள், 2005 பிப்ரவரியில், வியேரா ஆடிய ஆர்சனலின் ஹைபரி மைதான டனலில். யுனைடெட்டின் கேரி நெவிலை வியேரா மிரட்டினார் என்று கேள்விப்பட்டுக் கீன் கையை நீட்டிக்கொண்டு வர, நடுவர் கிரஹாம் போல் நடுவில் நின்றார். வியேரா கீனைவிட அரை அடி உயரம் அதிகம், அது கீனுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. முதல் கோல் வியேராதான் போட்டார், முடிவு யுனைடெட்டுக்கு 4-2. போதுமா?

கேள்வி: கோல்கீப்பர்களில் முரடர் யார்? ஷ்மைக்கேல்தானே?

பதில்: ஷ்மைக்கேல் சத்தம் போட்டதெல்லாம் தன் டிஃபெண்டர்களைப் பார்த்து. பாவம், ஸ்டீவ் புரூஸும் கேரி பாலிஸ்டரும் அதை எத்தனை வருடம் கேட்டார்கள்! என் ஓட்டு ஹாரி கிரெக்குக்கு.

அந்தக் காலத்தில் கோல்கீப்பரைத் தோளால் இடிப்பது சட்டப்படி சரி. 1957 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆறாவது நிமிடத்தில் ஆஸ்டன் வில்லாவின் பீட்டர் மெக்பார்லண்ட் மோதி யுனைடெட் கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு உடைந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அப்போது இல்லை. டிஃபெண்டர் ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் கோலில் நின்றார், வுட் கொஞ்ச நேரம் கழித்து வந்து விங்கில் ஓடினார், மெக்பார்லண்டே இரண்டு கோல் போட்டு வில்லா 2-1 ஜெயித்தது. அந்த வருடக் கடைசியில்தான் கிரெக்கை வாங்கினார்கள்.

1958 பிப்ரவரி 6, மியூனிக். யுனைடெட் அணி வந்த விமானம் ஓடுபாதையில் சறுக்கி உடைந்து 23 பேர் இறந்த விபத்து. வெளியே வந்துவிட்ட கிரெக், எரிகிற விமானத்துக்குள் திரும்பிப் போய் ஒரு கைக்குழந்தையையும் அதன் தாயையும் மீட்டார், பாபி சார்ல்டனையும் டென்னிஸ் வயலட்டையும் இழுத்துக்கொண்டு வந்தார். பதின்மூன்று நாள் கழித்து ஷெஃபீல்டு வெட்னஸ்டேக்கு எதிராகக் கோலில் நின்றார், 3-0 வெற்றி. அதே வருடம் மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்டனின் நாட் லாஃப்ட்ஹவுஸ் பந்தோடு சேர்த்து கிரெக்கையும் கோலுக்குள் தள்ள, நடுவர் அதையும் கோல் என்று கொடுத்தார். மேலே சொன்ன என் அளவுகோல் கிரெக்கிடம் செல்லாது, அதனால்தான் அந்த ஐந்து பேரில் சேர்க்கவில்லை. அவரை வரிசையில் நிறுத்தி எண் கொடுப்பதே தப்பு என்று தோன்றுகிறது.

கேள்வி: இப்போதைய அணியில் அப்படிப்பட்டவர்கள் ஏன் இல்லை? பசங்க சாஃப்ட் ஆகிவிட்டார்களா?

பதில்: பசங்களைக் குறை சொல்லாதீர்கள், சட்டம் மாறிவிட்டது. இங்கிலாந்து லீக்கில் கார்டு காட்டுகிற வழக்கமே 1976-இல்தான் வந்தது. ஆபத்தான முறையில் பின்னாலிருந்து டேக்கிள் செய்தால் நேராக ரெட் கார்டு என்று 1998 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா சொன்னது. 2019-இல் பிரீமியர் லீக்குக்கு விஏஆர் என்கிற வீடியோ நடுவர் முறை வந்த பிறகு நடுவர் பார்க்காததையும் கேமரா பார்த்துவிடுகிறது. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை, மைதானம். அன்றைக்கு ஜனவரியில் களமே சேறுதான், ஐந்து கெஜம் தள்ளிக் கிளம்பினாலும் சறுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம், பந்தை வைத்திருப்பவனாலும் திரும்ப முடியாது. இன்றைய புல்தரையில் திறமையான சிறிய உருவ ஆட்டக்காரன் ஒரு தட்டில் தப்பித்துப் போய்விடுவான், முரடருக்குக் கிடைப்பது மஞ்சள் அட்டைதான். வைட்சைடு இன்றைக்கு ஆன்ஃபீல்டில் இறங்கியிருந்தால் பத்துப் பேர் ஒன்பது பேராகியிருப்பார்கள்.

கேள்வி: 1985 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ரெட் கார்டு வாங்கியவர் வைட்சைடுதானே?

பதில்: இல்லை, கெவின் மோரன். எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெளியேற்றப்பட்ட முதல் ஆள். எவர்ட்டனின் பீட்டர் ரீடை இடித்ததற்காக, முன்னாள் போலீஸ்காரரான நடுவர் பீட்டர் வில்லிஸ் அனுப்பிவிட்டார். பத்துப் பேரோடு ஆடி, கூடுதல் நேரத்தில் வைட்சைடு வலது பக்கத்திலிருந்து வளைத்து அடித்த கோலில்தான் கோப்பை வந்தது. முரடன் என்று எழுதுகிறோம், அந்த இடது காலை மட்டும் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நாம் யாரும் பார்க்காத பழைய காலத்தில் இவர்களையெல்லாம் மிஞ்சியவர் உண்டா?

பதில்: ஃபிராங்க் பார்சன். 1922-இல் வில்லாவிலிருந்து வந்த சென்டர்-ஹாஃப் (நடுவில் ஆடும் தடுப்பாட்டக்காரர்), பழைய தொழில் கொல்லுப்பட்டறை. 1920 கோப்பை இறுதிக்கு முன்னாலேயே நடுவர் உடைமாற்றும் அறைக்கு வந்து, முதல் தப்பிலேயே வெளியே போவாய் என்று அவரை மட்டும் எச்சரித்துவிட்டுப் போனார் என்பார்கள். 1926 அரையிறுதியில் சிட்டியின் சாம் கவன் நினைவிழந்து விழுந்த விவகாரத்தில் பார்சனுக்கு இரண்டு மாதம் தடை. வீடியோ இல்லாததால் பட்டியலில் சேர்க்க முடியவில்லை, இருந்திருந்தால் விடிச் ஐந்தாவது இடத்துக்கு இறங்கி ஸ்டைல்ஸ் வெளியே போயிருப்பார்.

அணியை முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டால் ஒரு மதுக்கடை தருகிறோம் என்று கிளப் வாக்குக் கொடுத்ததாம். 1925-இல் அணி ஏறியது, கடையும் வந்தது. திறந்த அன்றைக்கே புகழ்ந்து தள்ள வந்த கூட்டத்தைப் பார்த்துக் கடுப்பாகி, சாவியைத் தலைமைப் பரிமாறுபவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்பது அங்கே காலம் காலமாகச் சொல்லப்படுகிற கதை. நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், நான் நம்புகிறேன்.