பினாங்கில் மரங்களை வெட்டாமல், கார் நுழையாத கூட்டுக் குடியிருப்பு கட்ட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழத்தோட்டத்தை வாங்கப் பார்க்கிறோம், மரமும் போகக்கூடாது, காரும் உள்ளே வரக்கூடாது என்கிறீர்கள். முடியும். கார் நிறுத்துமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

மனை வரைபட வேலையில் இருப்பவன் நான். வெட்டாமல் விட்ட மரம்தான் வீடு கட்டி முடித்த சில வருஷத்தில் உச்சியிலிருந்து காயத் தொடங்கும். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், இரண்டடிக்குள் படர்ந்திருக்கின்றன. அதன்மேல் லாரி ஓடி மண் இறுகினாலோ, மட்டம் சரிசெய்ய ஒரு முழம் மண் கொட்டினாலோ வேர் மூச்சுத் திணறிச் சாகும். வாசல் வரை கார் வர வேண்டுமென்றால் மட்டமான சாலை வேண்டும், இறுக்கிய அடித்தளம் வேண்டும், ஓரத்தில் லோங்காங் (வடிகால்) வெட்ட வேண்டும். மூன்றும் வேருக்கு எமன். நுழைவாயிலிலேயே காரை நிறுத்திவிட்டால் இந்தச் சேதமெல்லாம் ஒரு மூலையோடு முடியும். நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே முடிவுதான்.

எவ்வளவு தள்ளிக் கட்டுவது? பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 5837 சொல்லும் கணக்கு எளிது: அடிமர விட்டத்தின் 12 மடங்கு ஆரத்துக்கு வட்டம் போடுங்கள். சுற்றளவு 2 மீட்டர் என்றால் விட்டம் ஏறக்குறைய 64 செ.மீ., ஆரம் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல். எந்திரம் இறங்குவதற்கு முன்பே அந்த வட்டத்துக்கு வேலி போட்டுவிடுங்கள். உள்ளே சிமெண்ட் கலக்கக்கூடாது, குழாய்ப் பள்ளமும் தோண்டக்கூடாது. கட்டுமானக் குத்தகைக்காரர் முணுமுணுப்பார், ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள்.

எல்லா மரத்தையும் காப்பாற்றத் துடிக்காதீர்கள். டுரியான் மரத்தடியில் பிள்ளைகள் நடக்கும் பாதையை யாராவது வரைந்தால் அவரிடம் படத்தைத் திருப்பிக் கொடுங்கள், பழம் தலையில் விழும். அந்த மரங்களைத் தோப்பாகவே ஒதுக்கிவிட்டு, ரம்புத்தான், ஜாதிக்காய்ப் பக்கம் வீடுகளை வையுங்கள். எதை வெட்டுவதானாலும் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தைப் பாருங்கள்: சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலிருந்தால் பொதுவாக மாநகர் மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலுள்ள நிலம் மலைநிலக் கணக்கில் வரும். முன்பணம் கொடுக்கும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள். விவசாய நிலமென்றால் நிலப் பயன்பாட்டையும் மாற்ற வேண்டும்.

இந்த யோசனை புதிதில்லை. டென்மார்க்கில் 1972இல் 27 வீடுகளோடு செட்டெடாம்மன் என்ற கூட்டுக் குடியிருப்பு உருவானது. ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் உள்ள வோபான், பழைய ராணுவ முகாம். அங்கிருந்த பெரிய மரங்களை வைத்துக்கொண்டே கட்டி, கார்களை ஓரத்துக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். ஆனால் அங்கே டிராம் ஓடுகிறது. பாலிக் புலாவில் பஸ்தான். அதனால் காரே வேண்டாம் என்று சபதம் எடுக்காதீர்கள், தூர நிறுத்தினால் போதும். அரிசி மூட்டைக்குத் தள்ளுவண்டி வாங்குங்கள். பொம்பா (தீயணைப்பு) வண்டியும் ஆம்புலன்ஸும் வர ஒரு பாதை கட்டாயம் வேண்டும். அதை வேர் வட்டங்களுக்கு வெளியே வரையுங்கள்.

மழைக்கு ஜார்ஜ்டவுன் அஞ்சடியைவிட, அதாவது கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையைவிட, நல்ல பாடம் கிடையாது. வீட்டிலிருந்து கார் வரை கூரையிட்ட நடைபாதை இல்லாவிட்டால் முதல் அடைமழையிலேயே யாராவது காரை உள்ளே ஓட்டி வருவார், பிறகு நிறுத்த முடியாது. கூரைக்குத் தொடர் அடித்தளம் வேண்டாம். தனித்தனித் தூண்கள், கையால் தோண்டிய குழிகள். தடித்த வேர் தட்டினால் தூணை நகர்த்துங்கள்.

மரங்கள் பொதுச் சொத்தாக இருக்கட்டும், கிளை கழிக்கும் செலவு மாதப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகட்டும். தன் வாசலில் இலை கொட்டுகிறவர் ஒருவர், நிழல் அனுபவிக்கிறவர் இன்னொருவர் என்றால் சண்டை வரும். பொதுச் சமையலறை கட்டுவதாக இருந்தால், புரட்டாசியில் மீன் உள்ளே வரலாமா என்பதையும் நிலம் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். எனக்குத் தெரிந்து மரத்தைவிட அதில்தான் குழு உடையும்.